கட்சி மாறிய எம்.எல்.ஏ.: நான் போட்ட ஓட்டு இப்போது எந்தக் கட்சியில் இருக்கிறது?

பூத் ஏஜென்ட்:

ரொம்ப நாளாக மனதில் கிடக்கிற விஷயம், இன்று எழுதிவிடுகிறேன். கட்சி பெயரும் ஆள் பெயரும் சொல்ல மாட்டேன், யாரும் கேட்க வேண்டாம்.

எங்கள் தொகுதியில் ஒரு சட்டமன்றத் தேர்தலுக்கு நான் வாக்குச்சாவடி முகவராக உட்கார்ந்தேன். அதற்கு முன் இரண்டு மாதம் சுவர் பிடிக்கிற வேலை. ஊரில் ஒரு பாட்டியின் வீட்டுச் சுவர் மெயின்ரோட்டைப் பார்த்தபடி இருக்கும். எல்லாக் கட்சிக்கும் அதன்மேல் கண். பாட்டி யாருக்கும் கொடுத்ததில்லை. நான் திண்ணையில் உட்கார்ந்து பேசி, சம்மதக் கடிதத்தில் கைநாட்டு வாங்கி, நானே சுண்ணாம்பு அடித்து, சின்னம் வரைந்து, வேட்பாளர் பெயரை எழுதினேன். ஜெயித்தோம்.

இரண்டு வருடம் கழித்து ஒரு நாள் காலையில் அவர் ஆளுங்கட்சித் தலைமைக்குச் சால்வை போட்டுக்கொண்டிருப்பதை டிவியில் பார்த்தேன். "தொகுதி வளர்ச்சிக்காக" என்றார். அதன் பிறகு அவர் ஏறிய மேடை எல்லாம் ஆளுங்கட்சி மேடைதான். சட்டமன்றப் பதிவேட்டில் மட்டும் பழைய கட்சி. எங்கள் கட்சி கொடுத்த மனு சபாநாயகரிடம் கிடந்தது. ஐந்து வருடமும் எம்.எல்.ஏ.வாகவே முடித்தார்.

உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது அவருடைய ஆட்கள் அந்தச் சுவரில் வெள்ளையடித்துவிட்டு, புதுச் சின்னம் வரையப் பாட்டியிடம் கடிதம் நீட்டினார்கள். பாட்டி கைநாட்டு வைக்கவில்லை. வெள்ளை மட்டும் நின்றது. ஐப்பசி மழையில் அந்தப் பூச்சு கரைந்து, அடியில் நான் வரைந்த சின்னம் பாதியாக எட்டிப் பார்த்தது. பாட்டி என்னைக் கூப்பிட்டு, "நான் யாருக்குப்பா ஓட்டுப் போட்டேன்?" என்று கேட்டார்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஆளுக்கா, சின்னத்துக்கா? ஆள் போய்விட்டார், சின்னம் தோற்றது போல் ஆகிவிட்டது. சட்டம் தெரிந்தவர்கள், அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நொய்யல்:

அண்ணா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் கட்சி மாறுவதையே குற்றமாகப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. ராஜாஜி வாழ்நாளெல்லாம் இருந்த காங்கிரஸை எதிர்த்து 1959இல் சுதந்திராக் கட்சி தொடங்கினார். அதை யாரும் தாவல் என்று சொல்வதில்லை. எம்.ஜி.ஆர். 1972இல் தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டபோது எம்.எல்.ஏ.வாக இருந்தார். தி.மு.க. சின்னத்தில் பரங்கிமலையில் ஜெயித்தவர்தான். அதே மாதம் புதுக்கட்சி ஆரம்பித்தார். அன்றைக்கு இப்போதைய தாவல் தடைச் சட்டம் இருந்திருந்தால் அவருடைய பதவியே கேள்விக்குறியாகியிருக்கும். மறுவருடம் திண்டுக்கல் இடைத்தேர்தலில் மக்கள் தங்கள் முடிவைச் சொல்லிவிட்டார்கள்.

கட்சியே கொள்கையை விட்டுப் போகும்போது உறுப்பினர் என்ன செய்வது? கூடவே போவதா?

பூத் ஏஜென்ட்:

நீங்கள் சொல்வது சரி தம்பி. நான் கொள்கைக்காகப் போகிறவரைச் சொல்லவில்லை. ஆனால் எங்கள் ஆள் போன அன்று காலைவரை கொள்கை பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. முந்தின வாரம்தான் எங்கள் கிளைக் கூட்டத்தில் கொடியேற்றினார்.

சட்டப்புத்தகம்:

சட்டம் என்ன சொல்கிறது என்று நான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

அரசியலமைப்பின் 52ஆவது திருத்தம், 1985. ராஜீவ் காந்தி பிரதமரான கையோடு கொண்டுவந்தது. தாவல் தடைச் சட்டம் என்கிறோமே, அந்தப் பத்தாவது அட்டவணை அதில்தான் சேர்ந்தது. ஓர் உறுப்பினர் பதவி இழக்க முக்கியமாக இரண்டு வழி. ஒன்று, தன்னை நிறுத்திய கட்சியின் உறுப்பினர் பொறுப்பைத் தானாக விட்டுவிடுவது. இரண்டு, கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி ஓட்டுப் போடுவது அல்லது ஓட்டுப் போடாமல் இருப்பது. இதைக் கட்சி 15 நாளுக்குள் மன்னித்துவிட்டால் பதவி தப்பும். சுயேச்சையாக ஜெயித்தவர் பிறகு எந்தக் கட்சியில் சேர்ந்தாலும் பதவி போகும்.

"தானாக விடுவது" என்றால் ராஜினாமாக் கடிதம் கொடுத்தால்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ரவி நாயக் வழக்கில் 1994இல் உச்சநீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது: கடிதமே வேண்டாம், நடத்தையைப் பார்த்து முடிவு செய்யலாம். அதனால் பூத் ஏஜென்ட் அண்ணா சொன்ன அந்தச் சால்வை, அந்த மேடை எல்லாமே சாட்சியம்தான். சட்டத்தில் ஓட்டை இருந்து அவர் தப்பவில்லை, மனு நகராததால் தப்பினார்.

கட்சியிலிருந்து நீக்கப்பட்டவருக்கு என்ன கதி என்பதைத் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றுதான் தீர்த்தது. 1991இல் அ.தி.மு.க. சின்னத்தில் ஜெயித்து, பின் நீக்கப்பட்டு, ம.தி.மு.க.வில் சேர்ந்த ஜி.விஸ்வநாதன் வழக்கு. நீக்கப்பட்டாலும் சட்டத்தின் கண்ணில் அவர் பழைய கட்சிக்காரர்தான், வேறு கட்சியில் சேர்ந்தால் தானாக விட்டதாகத்தான் பொருள் என்று 1996இல் தீர்ப்பு வந்தது. நொய்யல் கேட்ட எம்.ஜி.ஆர். கேள்விக்கு இதுதான் பதில். நீக்கப்பட்டவர் ஐந்து வருடமும் வீடில்லாதவராக உட்கார்ந்திருக்கலாம், வேறு வீட்டுக்குப் போகக் கூடாது.

வைகைக்கரை:

அப்புறம் இந்த மூன்றில் ஒரு பங்கு, மூன்றில் இரண்டு பங்கு என்கிறார்களே, அது?

சட்டப்புத்தகம்:

முதலில் மூன்றில் ஒரு பங்கு பேர் பிரிந்தால் அது "பிளவு", பதவி போகாது என்று இருந்தது. 2003இல் 91ஆவது திருத்தம் அதை எடுத்துவிட்டது. இப்போது இருப்பது "இணைப்பு" மட்டும்: ஒரு கட்சியின் சட்டமன்ற உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் இன்னொரு கட்சியோடு இணைய ஒப்புக்கொண்டால் தப்பலாம்.

இதில் என்னை உறுத்துவது கணக்கு. 2019 ஜூனில் தெலங்கானாவில் காங்கிரஸுக்கு 18 பேர். மூன்றில் இரண்டு 12. போனவர்கள் 12. அடுத்த மாதம் கோவாவில் காங்கிரஸுக்கு 15 பேர். மூன்றில் இரண்டு 10. பா.ஜ.க.வுக்குப் போனவர்கள் 10. 2022 செப்டம்பரில் மறுபடி கோவா. 11 பேரில் குறைந்தது 8 வேண்டும். போனவர்கள் 8. ஒரு தலை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மனசாட்சி இப்படித் தலை எண்ணி வருமா? ஒருவர் மட்டும் மனம் மாறினால் குற்றவாளி, பத்துப் பேர் சேர்ந்து மாறினால் சட்டம் வழிவிடுகிறது. எனக்கு இது ஜீரணமாகவே இல்லை.

கோவாவில் இன்னொன்றும் உண்டு. 2022 தேர்தலுக்கு முன் காங்கிரஸ் தன் வேட்பாளர்களை ஒரு கோயிலுக்கும் ஒரு சிலுவைக்கும் ஒரு தர்காவுக்கும் கூட்டிப்போய், ஜெயித்தபின் கட்சி மாற மாட்டோம் என்று சத்தியம் வாங்கியது. அந்த வருடமே அந்த எட்டுப் பேர் போனார்கள்.

பழைய நிருபர்:

தம்பிகளே, இந்தச் சட்டம் ஏன் வந்தது என்று தெரியாமல் அதன் குறையை மட்டும் பேசினால் பாதிக் கதைதான்.

1967 தேர்தலில் பல மாநிலங்களில் காங்கிரஸ் ஆட்டம் கண்டது. ஹரியானா அப்போது பிறந்து சில மாதமே ஆன மாநிலம். ஹசன்பூரில் சுயேச்சையாக ஜெயித்த கயா லால் காங்கிரஸில் சேர்ந்தார், ஐக்கிய முன்னணிக்குப் போனார், காங்கிரஸுக்குத் திரும்பினார், சில மணி நேரத்தில் மறுபடி ஐக்கிய முன்னணி. எல்லாம் பதினைந்து நாளுக்குள். "ஆயா ராம், கயா ராம்" என்று இன்றைக்கும் நாடு முழுக்கச் சொல்கிறார்களே, அது இவரை வைத்து வந்ததுதான்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. அந்த ஒரு மனிதரை வைத்தே எல்லோரும் பேசிவிட்டு நகர்கிறோம். பிறகு அன்றைய மத்திய உள்துறை அமைச்சர் சவாண் தலைமையில் அமைத்த குழு எண்ணிப் பார்த்தது. முதல் தேர்தலிலிருந்து நான்காவது தேர்தல்வரை சுமார் 542 தாவல். 1967 மார்ச் முதல் அடுத்த பிப்ரவரிவரை, ஒரே வருடத்தில், குறைந்தது 438. ஏழு மாநிலங்களில் தாவிய 210 பேரை எடுத்துப் பார்த்தார்கள். அதில் 116 பேர், தாங்கள் தாவி உண்டாக்கிய மந்திரிசபையிலேயே மந்திரிகள். பாதிக்கும் மேல்! நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மூத்த நிருபர் ஒருவர் எனக்குக் கொடுத்த முதல் பாடமே இந்த எண்தான். "யார் போனார் என்று எழுதாதே, போனவருக்கு என்ன கிடைத்தது என்று மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்த்து எழுது" என்பார். மூன்று மாதம் கழித்துப் போனால் பெரும்பாலும் வாசலில் சுழல்விளக்கு வைத்த கார் நிற்கும்.

நம் ஊரும் விதிவிலக்கில்லை. 1952இல் சென்னை மாகாணத்தில் 375 இடத்தில் காங்கிரஸுக்கு 152தான். மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி 6 இடம் வைத்திருந்தது. அது ஆதரவு கொடுத்தது, நாயக்கர் மந்திரியானார். 19 இடம் வைத்திருந்த உழைப்பாளர் கட்சியின் ராமசாமி படையாட்சியார் 1954இல் காமராசர் மந்திரிசபைக்கு வந்தார். காங்கிரஸை எதிர்த்து ஓட்டுக் கேட்டு ஜெயித்த கட்சிகள்தான் இரண்டும். அவர்களுடைய சமூகத்துக்கு ஆட்சியில் இடம் கிடைத்தது என்ற நியாயமும் உண்டு. நான் அதை லேசாகத் தள்ள மாட்டேன்.

பொன்னி:

பூத் ஏஜென்ட் அண்ணா கதையைப் படித்ததும் எனக்கு 2011 சட்டமன்றம்தான் ஞாபகம் வந்தது. தே.மு.தி.க. 29 இடம் ஜெயித்து எதிர்க்கட்சி ஆனது. 2012இலிருந்து அதன் எம்.எல்.ஏ.க்கள் ஒவ்வொருவராக முதல்வரைப் போய்ப் பார்த்தார்கள். காரணம் கேட்டால் தொகுதிப் பிரச்சினை. கட்சியை விட்டு விலகவும் இல்லை, கட்சியோடு இருக்கவும் இல்லை. இது வருடக்கணக்கில் நடந்தது. 2016 பிப்ரவரியில், தேர்தலுக்கு மூன்று மாதம் இருக்கும்போது, தே.மு.தி.க.வில் 8 பேர், பா.ம.க.வில் ஒருவர், புதிய தமிழகத்தில் ஒருவர் என 10 பேர் ஒரே நாளில் ராஜினாமா செய்தார்கள். விஜயகாந்துக்கு எதிர்க்கட்சித் தலைவர் தகுதியே போனது.

29 பேரை எதிர்க்கட்சியாக உட்காரச் சொல்லி அனுப்பியது மக்கள். அந்த நாற்காலி காலியாக மக்களை யாரும் கேட்கவில்லை.

கொல்லிமலை:

இந்தச் சட்டத்தில் மாட்டிய ஒருவருடைய வாழ்க்கையைச் சொல்கிறேன். கேட்டால் உங்கள் கோபம் கொஞ்சம் திசை மாறும்.

மிசோரமின் லால்துஹோமா. காவல்துறை அதிகாரியாக இருந்தவர், இந்திரா காந்தியின் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்த்தவர். வேலையை விட்டுவிட்டு 1984இல் காங்கிரஸ் சார்பில் மக்களவைக்குப் போனார். பிறகு கட்சியோடு ஒத்துவராமல் விலகினார். 1988இல் பதவி பறிபோனது. தாவல் தடைச் சட்டத்தில் பதவி இழந்த முதல் மக்களவை உறுப்பினர் அவர்தான். ஆட்சியைக் கவிழ்க்கவில்லை, மந்திரி பதவி வாங்கவில்லை. ராஜீவ் காந்திக்கு அப்போது நானூறுக்கு மேல் எம்.பி.க்கள், இவர் ஒருவர் போனதால் ஒன்றும் ஆகாது. ஆனாலும் சட்டம் முதலில் பிடித்தது இவரைத்தான்.

அதோடு முடியவில்லை. முப்பது வருடம் மாநில அரசியலிலேயே இருந்தார். 2018இல் அவருடைய இயக்கமான சோரம் மக்கள் இயக்கத்துக்குக் கட்சிப் பதிவு இல்லாததால் வேட்பாளர்கள் எல்லோரும் சுயேச்சையாக நின்றார்கள். இவர் இரண்டு தொகுதியில் ஜெயித்தார். செர்ச்சிப்பில் தோற்கடித்தது அன்றைய முதலமைச்சரை. அதையே வைத்துக்கொண்டார். இயக்கம் கட்சியாகப் பதிவானதும் அதன் தலைவராகச் செயல்பட்டார். சுயேச்சையாக ஜெயித்துவிட்டுக் கட்சியில் சேர்ந்தார் என்று 2020இல் மறுபடி தகுதிநீக்கம். அந்தச் சட்டமன்றத்திலும் அப்படிப் பதவி இழந்த முதல் ஆள். 2021 இடைத்தேர்தலில் அதே செர்ச்சிப் மக்கள் அவரையே திருப்பி அனுப்பினார்கள். 2023 டிசம்பரில் முதலமைச்சரானார்.

யாருக்கு ஓட்டுப் போட்டோம் என்று செர்ச்சிப் மக்களுக்குக் குழப்பமே இல்லை. சட்டத்துக்குத்தான் குழப்பம்.

நொய்யல்:

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். நன்றி.

பூத் ஏஜென்ட்:

கொல்லிமலை, இந்தக் கதை எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று பாருங்கள். அங்கே மக்களை மறுபடி கேட்டார்கள், பதில் வந்தது. எங்கள் ஊரில் கேட்கவே இல்லை. எனக்கு வலிக்கிற இடம் அதுதான் போலிருக்கிறது. எழுத எழுதத்தான் எனக்கே தெரிகிறது.

கடிதக்கட்டு:

நான் ஒரு எம்.எல்.ஏ.விடம் நேர்முக உதவியாளராக ஆறு வருடம் இருந்தேன். யாரிடம் என்று சொல்ல முடியாது. அவரும் மாறினவர்தான். உள்ளே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

காலை ஆறு மணிக்கே வாசலில் ஆள் நிற்கும். முதியோர் ஓய்வூதியம், பட்டா, மகன் வேலை, ஆஸ்பத்திரிச் சீட்டு. நாங்கள் லெட்டர்பேடில் பரிந்துரைக் கடிதம் அடித்துக் கொடுப்போம். ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது. எதிர்க்கட்சியாக இருந்தபோது அதே கடிதம் தாலுகா ஆபீசில் போய்க் கிடக்கும். பக்கத்துத் தொகுதி ஆளுங்கட்சி ஒன்றியச் செயலாளர் வாயால் சொன்னாலே வேலை நடக்கும். எம்.எல்.ஏ. தொகுதி நிதி வருடத்துக்கு 3 கோடி ரூபாய், அது எல்லாக் கட்சிக்கும் ஒன்றுதான். ஆனால் ஒரு பாலம், ஒரு கல்லூரி, ஒரு பஸ் டிப்போ அந்த நிதியில் வராது. அதற்கு அமைச்சர் மனது வைக்க வேண்டும். அதனால் "தொகுதி வளர்ச்சிக்காக" என்பது முழுப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் ராத்திரியில் தூங்காமல் அந்தப் பாலத்தைப் பற்றியே பேசுவார்.

அவர் மாறின மறுநாள் பழைய லெட்டர்பேடு பதினெட்டுக் கட்டு பரணில் இருந்தது. தலைப்பில் பழைய கட்சித் தலைவர் படம். என்ன செய்வது என்று கேட்டேன். கத்தரிக்கோலால் மேல் பாகத்தை வெட்டிவிட்டு மீதியை எழுத வைத்துக்கொள் என்றார். இரண்டு நாள் உட்கார்ந்து வெட்டினேன். வெட்டும்போது ஒன்று கவனித்தேன். வாசலில் நின்றவர்களின் முகம் மாறியிருந்தது. பத்து வருடமாகக் கூட வந்த கிளைச் செயலாளர்கள் ஒருத்தர்கூட இல்லை. புதுக் கட்சிக்காரர்கள் வந்தார்கள், ஆனால் அவர்களுக்கு இவர்மேல் நம்பிக்கை இல்லை. அடுத்த தேர்தலில் சீட்டுக் கேட்டபோது, "நாங்கள் முப்பது வருடம் கொடி பிடித்தோம், நேற்று வந்தவருக்கா" என்று புதுக் கட்சியின் ஒன்றியமே எதிர்த்தது. சீட்டு கிடைக்கவில்லை.

பாலம் வந்ததா என்று கேட்பீர்கள். அடிக்கல் நாட்டினார்கள். கல்லில் அவர் பெயர் மூன்றாவது வரியில் இருக்கிறது. தூண் இன்னும் எழும்பவில்லை.

வைகைக்கரை:

ஐயா, அந்தக் கத்தரிக்கோல் விஷயம் மனதை என்னவோ செய்கிறது.

எனக்கு ஒரு சந்தேகம். மக்கள் உண்மையிலேயே கோபப்படுகிறார்களா? கர்நாடகத்தில் 2019இல் 17 பேர் போய் ஆட்சி கவிழ்ந்தது. சபாநாயகர் தகுதிநீக்கம் செய்தார். உச்சநீதிமன்றம் அதை ஏற்றாலும், மறுபடி நிற்கலாம் என்றது. டிசம்பரில் 15 தொகுதி இடைத்தேர்தலில் பா.ஜ.க. 12 ஜெயித்தது. மாறியவர்களில் பலர் ஜெயித்து, 10 பேர் அமைச்சர் ஆனார்கள். மத்தியப் பிரதேசத்தில் 2020இல் 22 காங்கிரஸ் எம்.எல்.ஏ.க்கள் ராஜினாமா செய்து கமல்நாத் ஆட்சி போனது. நவம்பரில் 28 தொகுதி இடைத்தேர்தலில் பா.ஜ.க. 19 ஜெயித்தது. அப்படியானால் ஓட்டு ஆளுக்குத்தான் என்று மக்களே சொல்கிறார்களோ?

சட்டப்புத்தகம்:

நல்ல கேள்வி. ஆனால் அந்த இரண்டு தேர்தலும் சமமான களமா? மாநிலத்தில் ஆட்சியே கையில் இருக்கும்போது வருகிற இடைத்தேர்தலில் ஆளுங்கட்சி வேட்பாளர் ஜெயிப்பது எங்கேயும் பார்க்கிறோம். மத்தியப் பிரதேசத்தில் இன்னொரு நுணுக்கம். தகுதிநீக்கம் ஆனவர் மறுபடி ஜெயிக்கும்வரை அமைச்சராக முடியாது என்று 91ஆவது திருத்தம் சொல்கிறது. அவர்கள் ராஜினாமா செய்தவர்கள், தகுதிநீக்கம் ஆகவில்லை. அதனால் எம்.எல்.ஏ.வாக இல்லாமலே 14 பேர் அமைச்சர் ஆனார்கள், ஆறு மாதத்துக்குள் ஜெயித்து வந்தால் போதும் என்ற பொது விதியைப் பிடித்துக்கொண்டு. அவர்களில் பெரும்பாலோர் அமைச்சராகவே போய் ஓட்டுக் கேட்டார்கள். அப்படியும் அதில் மூன்று பேர் தோற்றார்கள். மக்கள் கண்ணை மூடிக்கொண்டு போடவில்லை என்பதற்கு இதுவே சாட்சி.

பழைய நிருபர்:

பதவியை விட்டுவிட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள். அதையும் சொல்ல வேண்டும். 1948இல் சோஷலிஸ்டுகள் காங்கிரஸை விட்டு வெளியேறினார்கள். ஆச்சார்ய நரேந்திர தேவும் தோழர்களும் உத்தரப் பிரதேசச் சட்டமன்றத்தில் காங்கிரஸ் உறுப்பினர்கள். எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. காங்கிரஸ் சின்னத்தில் வந்தோம், காங்கிரஸை விட்டால் நாற்காலியையும் விட வேண்டும் என்று ராஜினாமா செய்து இடைத்தேர்தலில் நின்றார்கள். நரேந்திர தேவ் பைசாபாத்தில் பாபா ராகவ் தாஸிடம் தோற்றார். சுதந்திரம் வந்த மறுவருடம், காங்கிரஸை எதிர்த்து! தோற்போம் என்று தெரிந்தேதான் நின்றிருப்பார். ஜெயித்தவரும் உண்டு. பகுகுணா 1980இல் இந்திரா காங்கிரஸ் சார்பில் கட்வாலில் ஜெயித்து, கட்சியோடு பதவியையும் விட்டு, 1982 இடைத்தேர்தலில் அதே கட்வாலில் மறுபடி ஜெயித்தார்.

இங்கிலாந்தில் இதற்குச் சட்டமே கிடையாது. சர்ச்சில் 1904இல் கன்சர்வேடிவ் வரிசையிலிருந்து எழுந்து போய் லிபரல் வரிசையில் உட்கார்ந்தார், இருபது வருடம் கழித்துத் திரும்பி வந்தார். ஆனால் 2014இல் கார்ஸ்வெல், ரெக்லஸ் என்று இரண்டு கன்சர்வேடிவ் எம்.பி.க்கள் யூகிப் கட்சிக்கு மாறியபோது தாங்களாகவே ராஜினாமா செய்து நின்று இருவரும் ஜெயித்தார்கள்.

பொன்னி:

நம் பக்கத்திலும் ஒன்று: விளவங்கோடு. 2024 பிப்ரவரியில் விஜயதரணி காங்கிரஸிலிருந்து பா.ஜ.க.வுக்குப் போனார், எம்.எல்.ஏ. பதவியையும் விட்டார். மக்களவைத் தேர்தலோடு இடைத்தேர்தல் நடந்து காங்கிரஸின் தாரகை கத்பர்ட் ஜெயித்தார். தொகுதி தன் பதிலைச் சொல்லிவிட்டது. யார் சரி, யார் தப்பு என்று நான் பேசவில்லை. நான்கு மாதத்துக்குள் விஷயம் முடிந்தது, எந்தப் பாட்டியும் குழப்பத்தில் நிற்கவில்லை.

கொல்லிமலை:

ஆனால் சபாநாயகர் விஷயம் பேசாமல் இதை முடிக்க முடியாது. மனு போவது அவரிடம். அவரும் ஒரு கட்சிக்காரர்.

2017ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி அரசின் நம்பிக்கை வாக்கெடுப்பு. 122க்கு 11. எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள் ஓ.பன்னீர்செல்வம் அணியின் 11 பேர். ஆகஸ்டில் இரண்டு அணியும் இணைந்தன, 11 பேருக்கும் எதுவும் ஆகவில்லை. தி.மு.க. உச்சநீதிமன்றம்வரை போனது. 2020இல் முடிவு சபாநாயகர் கையிலேயே விடப்பட்டது, 2021இல் சபையின் காலமே முடிந்தது. இன்னொரு பக்கம், அதே ஆகஸ்டில் தினகரன் ஆதரவு எம்.எல்.ஏ.க்கள் முதல்வர்மேல் நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். சபையில் ஓட்டுப் போடவில்லை. நான்கு வாரத்துக்குள், செப்டம்பர் 18 அன்று, 18 பேர் பதவியும் போனது. உயர்நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகச் சொல்லி, மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபரில் தகுதிநீக்கம் சரி என்றார். இரண்டு தரப்புக்கும் சட்ட வாதங்கள் இருந்தன. நான் சொல்வது வேகத்தைப் பற்றி மட்டும். ஒரு கோப்பு நான்கு வாரத்தில் ஓடுகிறது, இன்னொன்று நான்கு வருடத்தில் நகரவில்லை. அந்த 18 தொகுதிகளும் ஒன்றரை வருடத்துக்கு மேல் எம்.எல்.ஏ. இல்லாமல் கிடந்தன. கடிதக்கட்டு ஐயா சொன்ன அந்தக் காலை வரிசை அங்கே யார் வாசலில் நின்றிருக்கும்?

சட்டப்புத்தகம்:

மணிப்பூர் வழக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2017இல் காங்கிரஸில் ஜெயித்த சியாம்குமார் உடனே பா.ஜ.க. அரசில் அமைச்சரானார். மனு மூன்று வருடம் கிடந்தது. 2020 ஜனவரியில் உச்சநீதிமன்றம், சாதாரணமாக மூன்று மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும், இந்த அதிகாரத்தைச் சபாநாயகரிடமிருந்து எடுத்துத் தனித் தீர்ப்பாயத்திடம் தருவதை நாடாளுமன்றம் யோசிக்கட்டும் என்றது. மார்ச்சில் அவரை அமைச்சரவையிலிருந்தே நீக்கியது. 2025 ஜூலையில், காங்கிரஸ் பக்கம் போன தெலங்கானாவின் 10 பி.ஆர்.எஸ். எம்.எல்.ஏ.க்கள் வழக்கிலும் அதே மூன்று மாதம், நாடாளுமன்றத்துக்கு அதே வேண்டுகோள். 2019இல் காங்கிரஸின் 12 பேரைச் சேர்த்துக்கொண்ட அதே பி.ஆர்.எஸ்.தான் இந்த முறை மனுவோடு நின்றது.

நொய்யல் முதலில் கேட்டதற்கும் ஒரு பதில் இருக்கிறது. 1990இலேயே தினேஷ் கோஸ்வாமி குழு, கொறடா மீறலுக்குப் பதவி பறிப்பதை நம்பிக்கை வாக்கெடுப்பு போன்ற சிலவற்றோடு நிறுத்தச் சொன்னது. மற்ற மசோதாக்களில் உறுப்பினர் தன் புத்திக்குப் பட்டதைச் சொல்லி ஓட்டுப் போடட்டும். கட்சியிலேயே இருந்துகொண்டு எதிர்க்கலாம் என்றால் கொள்கைக்காகக் கட்சியை விட வேண்டிய கட்டாயமே குறையும். என் ஆசையைக் கேட்டால் இதுவும் வேண்டும், அந்த மூன்றில் இரண்டு கணக்கும் போக வேண்டும். போகிறவர் ஒருவரோ பத்துப் பேரோ, அன்றைக்கே ராஜினாமா, ஆறு மாதத்தில் தேர்தல், ஜெயிக்கும்வரை அமைச்சர் பதவி இல்லை.

நொய்யல்:

இதற்கு நான் ஒத்துக்கொள்கிறேன். முதலில் கொஞ்சம் அவசரப்பட்டு எழுதிவிட்டேன். மனம் மாறலாம், ஆனால் போவதற்கு முன் கேட்டுவிட்டுப் போக வேண்டும்.

கடிதக்கட்டு:

என் ஆள் அப்படிச் செய்திருந்தால் ஜெயித்திருப்பார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அப்போது ஊர் அவர் பக்கம்தான் இருந்தது. பயந்துவிட்டார்.

பூத் ஏஜென்ட்:

எல்லோருக்கும் நன்றி. நேற்றுப் பாட்டி வீட்டுக்குப் போனேன். மிசோரம்காரர் கதையையும் விளவங்கோட்டையும் நரேந்திர தேவையும் எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "தோத்தாரே அவர், அவர் ஊர்ல வந்து கேட்டாரா?" என்றார். கேட்டார் பாட்டி என்றேன். "நம்மாளு தெருவுக்கே வரலியே" என்றார்.

அடுத்த தேர்தலுக்குச் சுவர் கேட்டு இப்போதே ஆள் வர ஆரம்பித்துவிட்டார்களாம். யாருக்கும் தரப்போவதில்லை என்கிறார். அந்தப் பாதிச் சின்னத்தைச் சுரண்டிவிட்டு நீலம் கலந்து பூச வேண்டுமாம். பேரன் சுண்ணாம்பு வாங்கி வைத்திருக்கிறான். வரைந்தவன் நான்தானே, ஞாயிற்றுக்கிழமை கொத்துக்கரண்டியோடு போகிறேன்.